இழுக்காத வாக்கும் கிளீனர்

ஆசிரியருக்கு,

"சத்தம் மட்டும் வருது, இழுக்க மாட்டேங்குது" என்று பழுது பார்க்க வரும் வாக்கும் கிளீனர்களில் பலவற்றுக்கு மோட்டாரில் கோளாறே இருக்காது. காற்றுப் பாதைதான் அடைத்திருக்கும். அடைத்தால் மோட்டாருக்குத் தள்ளக் காற்று இல்லை. சுமை குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றும். சத்தம் கீச்சென்று ஏறுவது அதனால்தான். உலர்ந்த தூசிக்கு மட்டுமான கருவிகளில் உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. அப்படியே ஓட்டினால் சூடேறித் தானாக நிற்கும். அந்தப் பாதுகாப்பு இல்லாத கருவியில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும்.

அடைப்பு எங்கே என்று பார்க்க, ஹோஸைக் கழற்றிவிட்டு கருவியின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். பலமாக இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ குழாயிலோ இருக்கிறது. மழுங்கிய குச்சியால் தள்ளலாம்; கம்பி விட்டால் ஹோஸ் கிழியும். அங்கேயும் இழுவை இல்லையென்றால் பையையும் பில்டரையும் பாருங்கள். பை முக்கால் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டாம். கோலமாவு, சாம்பல், சுவர் தேய்த்த பட்டித்தூள் போன்ற மாவுத் தூசி பாதிப் பையிலேயே துளைகளை மூடிவிடும். சிமென்ட் தூளுக்கு வீட்டுக் கருவியைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

கழுவலாம் என்று குறித்த பில்டரை மட்டும், சோப்பு இல்லாமல், வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் 24 மணி நேரமாவது காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி ஒட்டும், நாற்றமும் பிடிக்கும். காகிதப் பையைத் தட்டிவிட்டு மறுபடி போடுவது வீண் சிக்கனம்.

குழாயின் நுனியில் மாட்டும் அகலமான தரைத் தலையில் உள்ள மிதிகட்டையை மிதித்தால் பிரஷ் இறங்கும்: டைல்ஸுக்கு இறக்கியும், கம்பளத்துக்கு ஏற்றியும் வையுங்கள். சுழலும் பிரஷ் உள்ள கருவியில் சுற்றிக்கொண்ட முடியைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி எடுக்க வேண்டும். சோபா இடுக்கு, ஜன்னல் சட்டத்துக்குத் தட்டை மூக்கு. ஈரமும் இழுக்கும் கருவியானால், தண்ணீர் எடுக்கும் முன் காகிதப் பையையும் உலர் பில்டரையும் கழற்றிவிட வேண்டும். உலர் கருவியில் ஒரு சொட்டு நீரும் ஆகாது.

1600 வாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது. வாட் கூடினால் இழுவை கூடும் என்பதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கு மேற்பட்டவற்றைச் சந்தையில் அனுமதிக்கவில்லை.

விற்பவர்கள் பை, பில்டரின் மாடல் எண்ணைக் கருவியின் மேலேயே தமிழில் ஒட்டி, அவற்றைக் கடையிலும் இருப்பு வைத்தால், கருவி பரணுக்குப் போகாது.

வீட்டு உபயோகப் பொருள் மெக்கானிக்,
மதுரை