போய் வாருங்கள், கோச்!

ஆசிரியருக்கு,

அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். 17 சீசன், 6 தேசியப் பட்டம் என்ற கணக்கை எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு மறக்காதது 2018 ஜனவரியில் நடந்த தேசியப் பட்ட இறுதிப் போட்டிதான். ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்கு எதிராகப் பாதி ஆட்டம் முடிந்தபோது 0-13 என்று பின்தங்கிக் கிடந்தோம். நட்சத்திர வீரர் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டூவா டகோவைலோவாவை இறக்கினார் சேபன். அந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்? கூடுதல் நேரத்தில் டூவா வீசிய 41 கெஜம் பாஸில் 26-23 என்று கோப்பை நமக்கு. ஹர்ட்ஸும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் டூவா காயம்பட, களமிறங்கி அதே ஜார்ஜியாவை வீழ்த்திக் கொடுத்தார். பையன்களை அப்படி வளர்த்தவர் சேபன்.

2011 சூறாவளி, பல்கலைக்கழகம் இருக்கும் எங்கள் ஊரான டஸ்கலூசாவைச் சிதைத்த பிறகு, அவரும் மனைவி டெர்ரியும் அறக்கட்டளை மூலம் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் மனிதர் சிரிக்க மட்டும் காசு கேட்பார்!

அவருக்கு அடுத்துப் பயிற்சியாளராக வந்த கேலன் டிபோரை நினைத்தால்தான் அப்போது பாவமாக இருந்தது. முதல் தோல்வி வரும் வாரம் அவர் கடைவீதிப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

– ஒரு வாசகர், டஸ்கலூசா, அலபாமா