டீ வாங்கப் போன நேரம்

நடந்தது எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. புற்றுநோய்க்கான பாக்லிடாக்செல் மருந்து, பன்னிரண்டாவது முறையாக, நேற்று ஏறி முடிந்தது. ரத்தம் கொடுத்த மாணவர்கள், கஞ்சியோடு வந்த எதிர்வீட்டு அக்கா, வாடகைக்கு அவகாசம் தந்த வீட்டுக்காரர், மருத்துவர்கள், ஆயாம்மாக்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக, படிவத்தோடு வந்த அந்தச் செவிலியர் பெண்ணுக்கு.

நோயாளியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்க ஐரோப்பாவில் உருவாக்கிய 30 கேள்விப் படிவம் அது, தமிழிலும் இருக்கிறது. முதல் ஐந்தும் உடம்பைப் பற்றியவை. கனமான பை தூக்க முடிகிறதா, நெடுந்தூரம் நடக்க முடிகிறதா, வீட்டுக்கு வெளியே சிறிது தூரமாவது நடக்க முடிகிறதா, பகலில் படுக்கையோ நாற்காலியோ வேண்டியிருக்கிறதா, சாப்பிட, உடுத்த, குளிக்க, கழிப்பறை செல்ல யாராவது உதவ வேண்டுமா? பை தூக்குவதற்குக் 'கொஞ்சம்' சிரமம் என்றேன். மற்ற நான்குக்கும் 'இல்லவே இல்லை'. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, அம்மாவுக்கு ஒரு டீ வாங்கி வருகிறீர்களா?" என்றார். அவன் போனதும் புதிய தாளை எடுத்து, "இப்போது சொல்லுங்கள் அம்மா" என்றார்.

விரல் நுனிகள் மரத்துப்போய் இரண்டு வாரமாக அந்த எதிர்வீட்டு அக்காதான் என் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிடுகிறார் என்பதை வளர்ந்த மகன் முன்னால் எப்படிச் சொல்வேன்? அப்போது சொன்னேன். கொஞ்சம் அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

அந்த ஐந்து பதில்களுக்கும் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்களாம், கூடினால் நல்லது. மகன் இருந்தபோது 93. டீ வருவதற்குள் 47.

மருத்துவர்கள் தாங்களும் நோயாளியின் நடமாட்டத்துக்கு 0 முதல் 5 வரை ஓர் எண் போடுகிறார்கள், 0 என்றால் முழுத் தெம்பு. என் மருத்துவர் எனக்கு 1 போட்டிருந்தார். அவர் மேல் குறையில்லை. அவர் அறையில் நாற்காலி வரை நிமிர்ந்து நடப்பதற்காகவே வெளியே அரைமணி நேரம் தெம்பைச் சேர்த்து வைத்திருப்பேன். பதினைந்து அடிக்கு நான் ஆரோக்கியசாலி. 47ஐப் பார்த்ததும் மருந்தின் அளவைக் குறைத்தார், கைப்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

டீ அன்று ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

தங்கையே, மூன்று வாரம் கழித்து மறுபடியும் படிவத்தோடு வருவீர்களாம். மகனிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்: அன்று இரண்டு டீ, உங்களுக்கும் சேர்த்து.