கடலூர் சிப்காட் ஆலைகளின் நிதித்துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிப்காட்டில் இருபத்தாறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தீபாவளி நெருங்கினால் தொழிற்சங்கத் தம்பிகள் ஆண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன முறை ஒருவர் ஒரு வரியில் விரலை வைத்து, "இது என்னங்கய்யா, ஓசியில வந்த வருமானமா?" என்று கேட்டார். விரல் இருந்த இடம் ஓசிஐ, அதாவது அதர் காம்ப்ரிஹென்சிவ் இன்கம்; நிகர லாபத்தில் சேர்க்காமல் அதற்குக் கீழே தனியாகக் காட்டும் வரவும் நட்டமும். சிரித்துவிட்டேன். விளக்கத் தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் அந்த வரிக்குள் இருந்தது அவருடைய கிராஜுவிட்டி.

பழைய கணக்குத் தரத்தில் கிராஜுவிட்டி மதிப்பீடு ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் லாப நட்டக் கணக்கில்தான் விழும். இண்ட் ஏஎஸ் என்கிற புதிய இந்தியக் கணக்குத் தரங்களில் ஊழியர் பலன்களுக்கான இண்ட் ஏஎஸ் 19 வந்தபின், வட்டி விகிதம், சம்பள உயர்வு, எத்தனை பேர் இடையில் விலகுவார்கள் என்ற அனுமானங்கள் மாறுவதால் வரும் வித்தியாசம் ஓசிஐக்குப் போகிறது. பிறகு எந்த வருடமும் அது லாப நட்டக் கணக்குக்குத் திரும்பாது. போனஸ் கணக்கோ அந்த லாப நட்டக் கணக்கின் நிகர லாபத்தில்தான் தொடங்குகிறது. 8.33 விழுக்காடா, 20 விழுக்காடா என்று மேசையில் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இதில் நிர்வாகத்தின் சூழ்ச்சி ஏதுமில்லை என்று தம்பிகளிடமும் சொன்னேன். சில வருடம் இந்த மாற்றம் அவர்களுக்குச் சாதகமாகவும் அமையும்.

அடுத்து வாடகைக்கு எடுத்த குடோன். 2019 ஏப்ரல் 1 முதல் இதற்குக் குத்தகைத் தரமான இண்ட் ஏஎஸ் 116. வருடம் 12 லட்சம் வாடகை, 10 வருட ஒப்பந்தம், வட்டி 10 விழுக்காடு, வாடகை வருடக் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வாடகையின் இன்றைய மதிப்பு சுமார் 73.7 லட்சம். அது ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் கடன். முதல் வருடச் செலவு தேய்மானமும் வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 14.7 லட்சம், பத்தாம் வருடம் 8.5 லட்சம்கூட இல்லை. கையிலிருந்து போவது எல்லா வருடமும் அதே 12 லட்சம். "கடன் திடீர்னு ஏறியிருக்கே, கம்பெனி முழுகப் போகுதா?" என்று இன்னொரு தம்பி பயந்தது இதைப் பார்த்துத்தான்.

புதிய முறையே வேண்டாம் என்று எழுதவில்லை. பத்து வருட வாடகைப் பொறுப்பை அடிக்குறிப்பில் ஒளித்து வைத்த காலத்தை நானும் பார்த்தேன், அந்தக் குறிப்புகளை நானே தட்டச்சு செய்தும் இருக்கிறேன். வாராக்கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கச் சொல்வதும் நல்லதுதான். ஆனால் 2015 பிப்ரவரியில் இண்ட் ஏஎஸ் விதிகள் வந்து, 2016 ஏப்ரலில் 500 கோடியோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள கம்பெனிகளும், மறு ஏப்ரலில் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட மற்ற கம்பெனிகளும், பட்டியலிடாதவற்றில் 250 கோடியோ அதற்கு மேலோ உள்ளவையும் மாறியபோது, முதலீட்டாளர்களுக்குக் கூட்டம் போட்டு விளக்கினீர்கள். ஷிப்டுக்கு வருகிறவனுக்கு யாரும் விளக்கவில்லை. பக்கத்து காம்பவுண்டில் இருக்கும் சின்ன ஆலை இன்றும் பழைய தரத்தில்தான் கணக்கு எழுதுகிறது. இரண்டு ஆலை லாபத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டை வேறு நடக்கிறது!

நான் கேட்பது ஒரு பக்கம், தமிழில். போனஸ் பேச்சுவார்த்தைக்குப் பதினைந்து நாள் முன்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வியாபாரத்தில் வந்த பணம் எவ்வளவு, அனுமானம் மாறியதால் லாபத்தில் ஏறியதோ இறங்கியதோ எவ்வளவு, கிராஜுவிட்டிக்காக ஓசிஐயில் போனது எவ்வளவு, ஏன். இத்தனையும் உங்கள் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. நூற்றுச் சொச்சம் ஆங்கிலப் பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

எழுத ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். மஞ்சக்குப்பத்தில் சிதம்பரம் பஸ் பிடித்து நானே வருகிறேன். மத்தியானச் சாப்பாடு மட்டும் உங்கள் கேண்டீனில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், கடலூர்