நிலையான முகவரிப் பதிவுகள் மறுதொடக்கத்தில் அழிந்துபோவது குறித்த புகார்

அனுப்புநர்:
வலையமைப்புப் பொறுப்பாளர்,
துணிச் சாய ஆலை, திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஸ்விட்ச் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: எஸ்.என்.எம்.பி. (வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் நெறிமுறை) வழியாக ஸ்விட்ச்சில் எழுதிய மேக் முகவரிகள் (கருவிகளின் வன்பொருள் அடையாள எண்கள்) மின்தடைக்குப் பின் காணாமல் போவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 24 போர்ட் ஸ்விட்ச்கள் பன்னிரண்டை எட்டு மாதங்களுக்கு முன் வாங்கினோம். எஸ்.என்.எம்.பி. வழியாக ஸ்விட்ச்சை நிர்வகிப்பதற்கான தர ஆவணங்களான ஆர்.எஃப்.சி. 4188, 4363 ஆகிய இரண்டுக்கும் முழு ஆதரவு உண்டு என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருந்ததை நம்பியே, விலை சற்றுக் கூடுதலாக இருந்தும் இவற்றைத் தேர்ந்தெடுத்தோம்.

எங்கள் சாய இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், சர்வர் கேட்டால் ஒழியத் தாமாக எதையும் அனுப்பாதவை. ஒரு தொட்டி கொதித்து முடியும்வரை அவை மௌனமாகவே இருப்பதால், 300 வினாடிகளில் அவற்றின் முகவரிகள் ஸ்விட்ச்சின் அட்டவணையிலிருந்து கழிந்துவிடுகின்றன. ஆகவே அந்த முகவரிகளை நிலையான பதிவுகளாக எழுதி, பட்டியலில் இல்லாத எந்தக் கருவியும் அந்தப் போர்ட்டுகளில் பேச முடியாதபடி பூட்டியும் வைத்தோம்.

பதிவுகளை எங்கள் ஸ்கிரிப்ட் 1.3.6.1.2.1.17.7.1.3.1 என்ற எண்ணால் குறிக்கப்படும் நிலையான முகவரி அட்டவணையில் எழுதுகிறது. நிலையைக் குறிக்கும் நான்காம் நெடுவரிசையில் 3 என்று எழுதினால், மறுதொடக்கத்துக்குப் பின்னும் பதிவு நிலைக்க வேண்டும், 4 என்றால் மறுதொடக்கத்தில் அழிய வேண்டும். தரவரையறை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு நள்ளிரவு மின்தடையில் யு.பி.எஸ். கைகொடுக்காமல் போனபோது 46 பதிவுகளும் அழிந்தன. போர்ட் பூட்டு மட்டும் அப்படியே இருந்ததால், காலை ஷிஃப்ட் வரும்வரை ஓர் இயந்திரத்தின் வெப்பநிலைகூட சர்வருக்கு வந்து சேரவில்லை.

அதன்பின் உபரியாக இருந்த ஒரு ஸ்விட்ச்சை மேசையில் வைத்துச் சோதித்தேன். ஒரு முகவரியை 3 என்றும் இன்னொன்றை 4 என்றும் எழுதிப் படித்தபோது, எழுதிய மதிப்புகளே திரும்ப வந்தன. மின்கம்பியைப் பிடுங்கிச் செருகிவிட்டு மீண்டும் படித்தால், இரண்டுமே இல்லை. நான்கு முறையும் இதே விளைவுதான். 3 என்ற மதிப்பை நிறைவேற்ற இயலாது என்றால் எழுதும்போதே பிழை என்று ஸ்விட்ச் மறுத்திருக்கலாம். ஏற்றுக்கொண்டதாகக் காட்டிவிட்டு மறந்துவிடுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

தங்கள் உதவிப் பிரிவினர் மும்முறை எழுதிய பின் அளித்த பதில், "ஸ்விட்ச்சின் இணையப் பக்கத்தில் முகவரிகளைக் கையால் இட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்பதே. பன்னிரண்டு பெட்டிகளிலும் பதினாறடிமான எண்களாலான முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதானால், எஸ்.என்.எம்.பி. வசதிக்கென்று நாங்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கத் தேவையில்லை.

எனவே இக்குறையை நீக்கிய ஃபர்ம்வேரை (ஸ்விட்ச்சின் உள்மென்பொருளை) முப்பது நாட்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, அமைப்புகளைச் சேமிக்கும் கட்டளையை எஸ்.என்.எம்.பி. வழியாகவே கொடுக்கும் வழி தங்கள் சொந்த எம்.ஐ.பி.யில் (எஸ்.என்.எம்.பி. வழியாகக் கையாளக்கூடியவற்றை வரையறுக்கும் கோப்பில்) இருந்தால், அந்தக் கோப்பையாவது அனுப்பி உதவுங்கள். இரண்டும் இயலாதெனில், பன்னிரண்டு ஸ்விட்ச்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் அளிக்க வேண்டும். நான்கு சோதனைகளின் பதிவுகளையும் விலைப்பட்டியல் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறுப்பாளர்