ஸ்டோர்னோவேயில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நீ அனுப்பிய படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். துறைமுகம், எதிர்க்கரையில் லூஸ் கோட்டை, உன் ஜன்னல், ஒரு நாற்காலி. எல்லாம் நன்றாக இருக்கிறது. குளிருக்குக் காதை மூடித் தொப்பி போடு. காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல் பக்கம் போகாதே.

கிளாஸ்கோ வேலையை விட்டுவிட்டு, ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் தீவில் இருக்கும் ஸ்டோர்னோவேக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது அம்மாதான் பதறினாள். எனக்கு ஊர்ப் பெயர் புதிதில்லை. சர்வே டிபார்ட்மெண்டில் சங்கிலி பிடித்தவனுக்குக் கர்னல் காலின் மெக்கன்சியைத் தெரியாதா? ஸ்டோர்னோவேக்காரர். அங்கே சுங்க இலாகாவில் இருந்துவிட்டு 1783-ல் மதராஸ் வந்தார். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். நிலத்தை அளந்ததோடு விடவில்லை. சுவடி, கைபீது என்கிற ஊர் வரலாற்றுக் குறிப்பு, நாணயம் என்று ஊர் ஊராகச் சேர்த்தார். கல்வெட்டுப் படிகள் மட்டும் 8,076. அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவர் பிறந்த ஊர் ஆஸ்பத்திரியில் என் மகள் நர்ஸ் என்று பென்ஷன் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த மனுஷர் ஊருக்குத் திரும்பவே இல்லை, கயல். 1821-ல் கல்கத்தா பக்கம் இறந்துபோனார். கூடப் பிறந்தவள் ஒருத்தி ஸ்டோர்னோவேயில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அடங்கிவிடும் என்றாயே. 2009 வரைக்கும் எதிரே பெருநிலத்தில் இருக்கும் உல்லாபூலுக்கு ஞாயிறு கப்பல்கூட விடவில்லையாம். அப்படியென்றால் உனக்கு ஞாயிறு நேரம் இருக்கிறது. ஃபோன்தான் வருவதில்லை.

அயோலேர் கப்பலைப் பற்றி அங்கே யாராவது சொன்னார்களா? போரில் தப்பிய கடற்படைக்காரர்கள், ஏறக்குறைய 280 பேர், 1918 டிசம்பர் 31 இரவு ஊருக்குக் கிளம்பினார்கள். புத்தாண்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று. வீடுகளில் கணப்பு மூட்டி, சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். விடியற்காலை 2 மணி வாக்கில், துறைமுகத்துக்கு ஒரு மைல்கூட இல்லாத இடத்தில், கப்பல் பாறையில் மோதியது. கரை 20 கஜம்தான். 201 பேர் போய்விட்டார்கள். நெஸ் ஊர் ஜான் மக்லியோட் கயிற்றோடு நீந்திக் கரையேறினார். அதைப் பிடித்துக்கொண்டு 40 பேர் வந்தார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம். தாய் பிள்ளையிடம் சொல்லவில்லை. பிழைத்து வந்தவர்களும் சொல்லவில்லை. படித்துவிட்டு எனக்கு இரவு தூக்கம் இல்லை. உள்ளேயே வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் எப்படித்தான் நாளைத் தள்ளினார்கள்? கேட்க ஆள் இல்லையா? உனக்கு இருக்கிறோம்.

துறைமுகத்தில், அந்தக் காலத்தில் ஹெர்ரிங் மீனைச் சுத்தம் செய்து உப்புப் போட்ட பெண்களுக்கு வெண்கலச் சிலை இருக்கிறதாமே, பார்த்தாயா? மூன்று பேர் ஒரு செட்டு. இரண்டு பேர் குடல் எடுக்க, ஒருத்தி பீப்பாயில் உப்புப் போட்டு அடுக்க. கத்தி படாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் கந்தல் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். அப்படியும் வெட்டுப்படும், உப்பு இறங்கும். லெர்விக், யார்மத் என்று மீன் போன இடமெல்லாம் போனார்கள். உன்னை மாதிரி தைரியசாலிகள். ஆனால் சீசன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு நான் எழுதவில்லை. அம்மா எழுதச் சொன்னாள். உன்னைக் கேட்காமல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சின்ன அத்தை விஷயத்தில் தெருவே பேசியபோது தாத்தா என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் இன்றும் அதே வழக்கம்தான்.

தொப்பி போடு. நேரத்துக்குச் சாப்பிடு. கடல் பக்கம் போகாதே.

பொங்கலுக்கு லீவு எழுதிக் கொடுத்தாயா? டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டும். ஒரு டிக்கெட்தான் என்றாலும் சரி, சொல், நானே போடுகிறேன்.

அப்பா