மீன் பெட்டிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்டை அயலாருக்கும் ஓடி வந்து உதவிய எல்லாருக்கும்,

வீட்டில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்துதான் கிடக்கின்றன. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது. வெள்ளம் வந்த அன்றிரவு என்ன நடந்தது என்று பினாங்கில் நம் ஜாலான் பி. ரம்லி தெருப் பக்கம் இருக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டில் எதுவும் தயாராக இல்லை. தண்ணீர் கட்டிலைத் தொட்ட பிறகுதான் எழுந்தோம். அதனால் இந்த முறை வானிலைத் துறையின் செம்மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே வேலையில் இறங்கிவிட்டோம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரி உச்சிக்குப் போயின. அரிசி மேல்தட்டில், பிரிட்ஜ் செங்கல்மேல். கேஸ் தோங்கை (சிலிண்டரை) மூடிக் கட்டி வைத்தோம். வீட்டுக்காரர் காரை மேட்டில் நிறுத்திவிட்டு வந்தார். கடல் ஏறும் நேரத்தைக்கூடக் குறித்து வைத்தோம். கடல் ஏறியிருக்கும்போது பெருமழை கொட்டினால் சுங்கை பினாங்கு ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நம் தெருக்களுக்குத்தான் வரும்.

அன்று காலை நான் வாசல் கால்வாயில் சருகு அள்ளிக்கொண்டிருந்தபோது மோட்டாரில் மீன் விற்க வரும் மலாய்க்கார மாமா, நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவர், அவருடைய ஹார்ன் கேட்டது. மழைக்கு எல்லாம் ரெடியா என்று கேட்டார். செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மா புன்யா ஊபாட்?"

அம்மாவின் மருந்து. இன்சுலின். பிரிட்ஜில் இருக்கிறது, பிரிட்ஜைத்தான் உயர்த்தியாகிவிட்டதே என்றேன். "கரண்ட் போனால்?" என்றார். பதில் இல்லாமல் நின்றேன். தண்ணீர் வாசலுக்கு வந்ததும் மெயின் சுவிட்சை நாங்களே அணைப்பதாகத்தான் முடிவு செய்திருந்தோம். அணைத்தால் பிரிட்ஜும் நின்றுவிடும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாக்சிக் வேறெதுவும் பேசவில்லை. தன் சின்ன மீன் பெட்டியில் இருந்ததைப் பெரிய பெட்டிக்கு மாற்றினார். எங்கள் குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். அடியில் ஐஸ், அதன்மேல் மடித்த செய்தித்தாள், அப்புறம் ஒரு துண்டு. மருந்தை மூடிபோட்ட டப்பாவில் வைத்து அதற்கு மேல் வைக்கச் சொன்னார். ஐஸ் நேராகப் பட்டால் மீனே வெந்த மாதிரி ஆகிவிடும், மருந்து என்ன ஆகும் என்று கேட்டார். கிளினிக்குக்குப் போன் செய்தேன். தாதியும் அதையேதான் சொன்னார்: திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரவு அம்மாவோடு அந்தப் பெட்டியையும் எதிர்வீட்டு ஆன்ட்டியின் மாடிக்குத் தூக்கிப் போனோம். மறுநாள் மதியம், தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும்போது, பாக்சிக் நடந்தே வந்து புது ஐஸ் கொட்டிவிட்டுப் போனார். காசு எடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கான மருந்தும் தப்பியது. படியில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன்.

மாடியைத் திறந்துவிட்ட ஆன்ட்டிக்கும், சோற்றுப் பொட்டலத்தோடு வந்த கோவில் இளைஞர்களுக்கும், மண்டபத்தில் பாய் விரித்துக் கொடுத்த சுராவ் (சிறு தொழுகைக்கூடம்) ஆட்களுக்கும், கரண்ட்டைப் போடுமுன் வயரிங் முழுவதும் பார்த்துக் கொடுத்த அண்ணனுக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் வரிசையில் வயதானவர்கள் இருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் பாக்சிக் கேட்ட அதே கேள்வியை நான் கேட்பேன். பெட்டியும் நானே வாங்கிக் கொடுப்பேன். இது நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

பாக்சிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நாளைக் காலை ஹார்ன் கேட்டதும் மகள் இதை மலாயில் படித்துச் சொல்வதாக இருக்கிறாள். பெட்டியைக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறோம்.