டர்பன் நடைவழிக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் நடுவே நம் முன்னோர் உழைத்தும் வழிபட்டும் வாழ்ந்த இடங்களை, உள்ளூர்க் கலைஞர்களின் துணையோடு நடந்தே காண்பதற்காக நாம் தொடங்கிய நடைவழியின் முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. அதற்குக் கைகொடுத்த அனைவருக்கும் எங்கள் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் உழைத்த கரும்புத் தோட்டங்களைப் பற்றியும் ஓரளவு தெரியும். நகரத்துக்குள்ளேயே தெருவைப் பெருக்கியும், சாக்கடை வெட்டியும், விடியுமுன் காய்கறி கொண்டுவந்தும் இந்த ஊரை நடத்தியவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் தெரியாது. தலைவர்களுக்குத் தெருப்பெயர்கள் உண்டு: பிரின்ஸ் எட்வர்ட் தெரு இன்று டாக்டர் குணம் தெரு, பைன் தெரு இன்று மான்ட்டி நாயக்கர் சாலை. இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்த 1946-ஆம் ஆண்டு அறப்போராட்டத்தில் சிறை சென்ற அவ்விருவருக்கும் அது முற்றிலும் தகும். ஆனால் அந்தத் தெருக்களைக் கூட்டிய நகராட்சித் தொழிலாளிக்கு ஒரு பலகைகூட இல்லை என்பதே எங்களை இந்த வேலைக்கு இழுத்து வந்தது.

ஆகவே முதல் நன்றி மாகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்த தாத்தாக்களுக்கும் ஆயாக்களுக்கும் உரியது. நகராட்சித் தொழிலாளர்களுக்காக 1880-களில் அமைந்த அந்தக் குடியிருப்பில் தமிழரும் தெலுங்கரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் விளைவாக, 1960-களில், நகருக்குத் தெற்கே இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். இன்று அங்கே நின்று பார்த்தால் அப்படியோர் ஊர் இருந்ததற்கான அடையாளம் எதுவும் கண்ணுக்குப் படாது. சாட்ஸ்வொர்த் வீடுகளில் மேசைமேல் தாளை விரித்து, இங்கே குழாயடி, இங்கே கோயில், இங்கே பந்தாடிய திடல் என்று நீங்கள் நினைவிலிருந்து வரைந்து தந்திராவிட்டால் எங்கள் நடைக்கு அங்கே நிற்பதற்கே காரணம் இருந்திராது. குழாயடி எந்தப் பக்கம் என்று இரண்டு ஆயாக்கள் விட்டுக்கொடுக்காமல் வாதிட்டபோது, அந்த வாதத்தையும் அப்படியே குறித்துக்கொண்டோம்; இரண்டு இடங்களும் வரைபடத்தில் இருக்கின்றன.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு, பெரிய துணித் திரையில் குடியிருப்பின் வரிசைகளை வரைந்த இளம் ஓவியர்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. முதல் வரைவில் எல்லாம் பளிச்சென்ற நிறத்தில் இருந்ததைப் பெரியவர்கள் ஏற்கவில்லை. நெருக்கடியான அந்த அறைகளை அழகுபடுத்திக் காட்டுவது அங்கே பாடுபட்டவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது என்பதே என் கருத்தும். முகம் சுளிக்காமல் திரும்ப வரைந்தீர்கள். அந்தப் பொறுமையை நாங்கள் மறக்கமாட்டோம். தமிழ் படிக்கத் தெரியாத நிலையிலும் தமிழ்ப் பலகைகளைப் பிசகின்றி எழுதிய சூலு இனத்து ஓவியருக்கும், ஒவ்வொரு சுழியையும் பக்கத்தில் நின்று சரிபார்த்த தமிழ்ப் பள்ளி ஆசிரியை அம்மாவுக்கும் நன்றி. இந்நாட்டில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று அழைக்கப்படும் தெருக்கூத்தை, வயதையும் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் நடையின் முடிவில் ஆடிக்காட்டிய ஐயாக்களை வணங்குகிறேன்.

நகரின் போக்குவரத்து மையமும் தெருச்சந்தையுமான வார்விக் சந்திப்பின் வியாபாரிகளுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. நாள்தோறும் ஏறத்தாழ 4,60,000 பேர் கடந்துபோகும் அந்த இடத்தில், 1910-இல் இந்தியத் தோட்டக்காரர்களுக்கென வந்த அதிகாலைச் சந்தை இன்னும் நடக்கிறது. 2009-இல் அதை அகற்றிப் பேரங்காடி கட்டும் திட்டம் எழுந்தபோது, இந்தியரும் ஆப்பிரிக்கருமான வியாபாரிகள் சேர்ந்து நின்று காத்த இடம் அது. வியாபாரம் கெடுமே என்று எண்ணாமல், கொத்தமல்லிக் கட்டுகளுக்கும் கீரைக்கும் நடுவே எங்களை நிற்கவைத்துப் பாட்டன் காலத்துக் கதைகளைச் சொன்னீர்கள். அங்கே நடைப்பயணங்களை நெடுநாளாக நடத்திவரும், தெரு வியாபாரிகளுக்குத் துணைநிற்கும் அசியே எடாஃபுலேனி அமைப்பின் பணியும், 2014-இல் ஃபெயித்47 என்னும் ஓவியர் மேம்பாலத் தூண்களில் வியாபாரிகளின் உருவங்களைத் தீட்டியதும் எங்களுக்கு வழிகாட்டின. புரூக் தெருவில், ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்று சொல்லப்படும் பாதுஷா பீர் அவர்களின் தர்காவில் எங்களை வரவேற்றுத் தண்ணீர் தந்தவர்களுக்கும் நன்றி.

நிதி அளித்தவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் பணத்தில் பெரும்பகுதி கலைஞர்களின் ஊதியமாகவே சென்றது. பாரம்பரியப் பணி என்றால் கலைஞர் இலவசமாக வரவேண்டும் என்ற வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. வாகனம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட தம்பி தங்கையருக்கும் நன்றி.

அடுத்த பருவத்தில் உம்கேனி சாலைக் கோயில்களையும் சேர்க்க எண்ணியுள்ளோம். டர்பனை உள்ளடக்கிய நேட்டால் மாகாணத்தில் கோயில்கள் பல எழுப்பிய கொத்தனார் ராமசாமிப் பிள்ளையைப் போன்றோர் சுதையில் வடித்த உருவங்களை வணங்கிச் செல்கிறோம். வடித்த கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களிடம் வேலை செய்தவர்களின் குடும்பத்தார் யாரேனும் இருந்தால், பழைய படங்களையும் கருவிகளையும் எங்களிடம் காட்ட அன்புடன் வேண்டுகிறோம். படங்களை உங்கள் வீட்டிலேயே நகலெடுத்துக்கொள்வோம். நடக்க இயலாத பெரியவர்களை வண்டியில் அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்கிறோம்.

நன்றியுடன்,
நடைவழிக் குழுவினர் சார்பில்,
டர்பன்